கேள்வியால் நிறையும் கதை

(புராணக் கதை சொல்லும் முறையை இணையவழியில் பயிற்றுவிக்கும் வகுப்பு ஒன்றின் பருவ நிறைவு நாளன்று, அதன் ஆசிரியரான ஓய்வுபெற்ற தமிழ்ப் புலவர் ஆற்றிய உரை)

திருச்சிற்றம்பலம்

 

தைத் திங்களில் தொடங்கிய நம் வகுப்பு, இந்த ஆனித் திங்களில் நிறைவு பெறுகிறது. ஞாயிறுதோறும் இங்கே விளக்கேற்றும் நேரத்தில் நாம் கூடினோம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அது உணவு முடித்து உறங்கப்போகும் நேரம். வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு வெயில் தணியாத பிற்பகல். எனினும் நேரம் தவறாது வந்தீர்கள். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகளும் திருக்கோயில்களும் அடைபட்டிருந்த நாளில், திரைவழிக் கல்வி வீடுதோறும் நுழைந்தது. தொற்று தணிந்த பின்னும் அது விடைபெற்றுச் செல்லவில்லை. அதனால் விளைந்த நன்மைகளுள் ஒன்று நம் வகுப்பு.

இன்று பருவத்தின் நிறைவு நாள். ஆகவே இதுவரை செய்தது யாது, செய்யாமல் நிற்பது யாது, இனிச் செய்யவேண்டுவது யாது என்ற மூன்றனையும் உங்கள் முன் வைக்கவேண்டியது என் கடமை. அவற்றோடு ஒரு சொல்லின் பொருளையும் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பருவக் கணக்கு

முதல் மூன்று திங்களில் நாம் கேட்டோம். பின் மூன்று திங்களில் நாம் சொன்னோம். கேட்ட காலத்தில் இராமகாதை, பாரதம், பாகவதம், திருத்தொண்டர் புராணம், கந்தபுராணம், திருவிளையாடற் புராணம் ஆகியவற்றின் அமைப்பை அறிந்தோம். சொன்ன காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதையைத் தேர்ந்து, மூலநூலில் அஃது எங்கே வருகிறது என்று கண்டு, தம் சொந்த நடையில் எழுதி, எழுதியதைப் பாராமல் சொல்லவேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். எழுத்து வடிவத்தை ஒப்படைக்காதவர்கள் இன்னும் 15 நாட்களுக்குள் அனுப்பி வையுங்கள். எல்லாக் கதைகளும் ஒரே தொகுப்பாக உங்கள் அனைவருக்கும் வந்து சேரும். மதிப்பெண் ஏதும் இல்லை என்று முதல் நாளே சொன்னேன், இன்றும் இல்லை.

கணக்கு இவ்வளவுதான். ஆயினும் கதை சொல்லும் கல்வி இத்துடன் நிறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த உரை.

'கேள்வி' என்னும் சொல்

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்டுப் பெறும் அறிவு கேள்வி; ஐயம் தோன்றி வினாவுவதும் கேள்வி. திருவள்ளுவர் கல்வி என்று 40ஆம் அதிகாரத்தை வகுத்து, கல்லாமையை அடுத்து வைத்து, 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயரிட்டார். நூலைக் கற்பது ஒன்று. கற்றவர் சொல்லக் கேட்பது மற்றொன்று. கேட்கும் செவிக்கும் வினாவும் நாவுக்கும் சேர்த்து ஒரே சொல்லை நம் முன்னோர் ஆண்டிருப்பது, இரண்டும் ஒரு செயலின் இரு பக்கம் என்பதால் போலும்.

புராணங்களின் அமைப்பைப் பாருங்கள். நைமிசாரணியத்தில் சௌனகர் முதலான முனிவர்கள் வினவ, சூதர் சொல்கிறார். சனமேசயன் வினவ, வைசம்பாயனர் பாரதம் சொல்கிறார். பரீட்சித்து வினவ, சுகர் பாகவதம் சொல்கிறார். கேட்பவர் இல்லாத புராணம் இல்லை. அவர் வாய்மூடி அமர்ந்திருப்பவரும் அல்லர். 'பிறகு என்ன நிகழ்ந்தது? அவர் ஏன் அவ்வாறு செய்தார்?' என்று இடையிடையே வினவுபவர். அவ்வினாவைப் பற்றிக்கொண்டே கதை மேலே ஏறுகிறது.

திரைவழி வகுப்பில் என்ன நிகழ்கிறது? ஒருவர் பேசும்போது ஏனையோர் தத்தம் ஒலிவாங்கியை அடைத்து வைக்கவேண்டும். இல்லையேல் ஒருவர் வீட்டுத் தாளிப்பும் மற்றொருவர் வீட்டு நாய்க் குரைப்பும் கதையில் கலந்துவிடும். ஒழுங்கு கருதிச் செய்யும் ஏற்பாடுதான். ஆனால் அதனால் சொல்பவர் ஒரு பெரிய மௌனத்தை நோக்கிப் பேச நேர்கிறது. நன்றாகக் கதை சொல்லக்கூடியவர்களும் அந்த மௌனத்தின் முன் விரைந்து பேசி, விரைந்து முடித்ததைத் தொடக்கத்தில் கண்டோம். கேள்வியின் ஒரு பாதி வந்து சேர்ந்தது. மறுபாதி வழியில் நின்றுவிட்டது.

'உம்' கொட்டியவர்கள்

நம் வீடுகளில் பாட்டிமார் கதை சொல்லும்போது ஒரு நியமம் இருந்தது. கேட்கும் பிள்ளை 'உம்' கொட்டவேண்டும். 'உம்' நின்றால் பிள்ளை உறங்கிவிட்டது என்று பொருள், கதையும் நின்றுவிடும். அதனை நினைந்து, பங்குனியிலிருந்து நம் வகுப்பில் ஒரு வழக்கம் கொணர்ந்தோம். ஒவ்வொரு கதைக்கும் ஒருவர் 'உம்' கொட்டுபவர். அவர் ஒலிவாங்கி மட்டும் திறந்திருக்கும். விரும்பிய இடத்தில் அவர் வினவலாம். சொல்பவர் விடை கூறியே மேலே செல்லவேண்டும். அன்று முதல் வகுப்பின் தன்மையே மாறியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பரீட்சித்தின் கதையை ஒரு மாணவி சொன்ன நாள் நினைவிருக்கும். ஏழு நாளில் பாம்பு தீண்டி இறப்பாய் என்று முனிவர் மகன் சாபம் இட்டான். அரசன் கங்கைக் கரையில் அமர்ந்து பாகவதம் கேட்டான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 'உம்' கொட்டிய சிறுவன் இடைமறித்தான். "ஏழு நாள் இருக்கிறதே, அவர் ஏன் தப்பித்துப் போகவில்லை?" என்று கேட்டான். மாணவி திகைத்து நின்றார். வகுப்பு முழுவதும் அந்த வினாவைத் தேடியது. தேடியபோது கிடைத்தது என்ன? வியாச பாரதத்தின் ஆதிபருவத்தில் அதே அரசன் தப்பிக்க முயல்கிறான். ஒற்றைத் தூணின் மேல் மாளிகை அமைத்து, காவலர்களையும் மருத்துவர்களையும் மந்திரம் வல்லாரையும் சூழ வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். எனினும் தட்சகன் கனியினுள் ஒரு சிறு புழுவாய் மறைந்து உள்ளே நுழைந்துவிடுகிறான். பாகவதத்திலோ அவ்வரசன் காவலைத் தேடவில்லை, கேள்வியைத் தேடினான்.

ஒரே அரசன், ஒரே சாபம், ஒரே முடிவு. ஓரிடத்தில் அந்த ஏழு நாள் அச்சத்தில் கழிகிறது. மற்றோரிடத்தில் அறிவில் கழிகிறது. மூலநூல் இன்னது என்று குறிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தியதன் பயன் அன்றுதான் பலருக்கும் விளங்கியது. அதனை விளக்கியது என் வற்புறுத்தல் அன்று. ஒரு சிறுவனின் வினா.

அரங்கேற்றம் என்பது யாது?

பண்டைநாளில் நூல் எழுதியவுடன் அது நூலாகிவிடவில்லை. அவையில் படித்து, கேட்போர் வினாவுக்கு விடை கூறிய பின்னரே அது நூலாயிற்று. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணம் அரங்கேற்றியபோது, முதற் பாட்டின் முதற் சொல்லிலேயே புணர்ச்சிக்கு விதி எங்கே என்று ஒருவர் தடை எழுப்பினாராம். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் விதி காட்டித் தடையை நீக்கினார் என்றும், அப்புலவராக வந்தவர் முருகப் பெருமானே என்றும் செவிவழி மரபு கூறுகிறது. தடை எழுப்பியவரை எவரும் அவையினின்று வெளியேற்றவில்லை என்பதை நாம் கருதவேண்டும். முருகன் அருளிய நூல் என்று நம்பிய அவையிலும் வினவுவதற்கு இடம் இருந்தது.

திருவரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பர் மண்டபம் மற்றொரு சான்று. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் பாடியிருந்தார். அது தகுமோ என்று பெரியோர் ஐயுற்றபோது, அருகில் எழுந்தருளியுள்ள மேட்டழகிய சிங்கர் அசைந்து தம் உடன்பாட்டைத் தெரிவித்தார் என்பது அத்தலத்து மரபு.

அந்தப் படலம் காவியத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதனைச் சொல்பவன் வீடணன், கேட்பவன் இராவணன். செருக்குற்ற ஒருவன் எவ்வாறு அழிந்தான் என்று, செருக்குற்ற தமையனுக்குத் தம்பி கதையாகச் சொல்கிறான். இராவணன் முழுவதும் கேட்கிறான். ஆனால் அதில் தன்னைக் காணவில்லை. சினங்கொண்டு தம்பியை விரட்டுகிறான். அக்கதைக்குள் இருக்கும் பிரகலாதனோ, பாகவதம் கூறுகிறபடி, தாயின் கருவில் இருந்தபோதே நாரதர் உபதேசத்தைக் கேட்டவன். கருவில் இருந்த பிள்ளைக்குச் செவி திறந்திருந்தது. பத்துத் தலையும் இருபது செவியும் உடையவனுக்கு அது மூடியிருந்தது. கேள்வி என்பது செவியின் எண்ணிக்கையில் இல்லை, அன்பர்களே!

கூட்டுவதும் மாற்றுவதும்

பருவம் முழுவதும் உங்களில் பலர் என்னிடம் வினவியது ஒன்று உண்டு. "புராணக் கதையை எம் சொந்த நடையில் சொல்லும்போது கூட்டலாமா? மாற்றலாமா?" என்பது அது.

கூட்டுதல் நம் மரபுக்குப் புதிதன்று. திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் 11 பாடல்களில் திருத்தொண்டத்தொகையை அருளினார். அடியார் பலர்க்கு அங்கே ஒரு பெயரும் ஒரு தொடருமே கிடைத்தன. நம்பியாண்டார் நம்பி அதனை அந்தாதியாக விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் பெருங்காவியமாக்கினார். தில்லையில் சோழ மன்னன் முன்னிலையில் அதனை ஓராண்டு விரித்துரைத்தார் என்பது வரலாறு. தொகை வகையாகி, வகை விரியாயிற்று. வித்தில் இல்லாத மரம் அன்று அது.

மாற்றுதலுக்கும் ஒரு சான்று காட்டுகிறேன். சேக்கிழார் திருநாளைப்போவார் வரலாற்றைச் சுருக்கமாகப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத பண்ணையாரான வேதியர் ஒருவரைப் படைத்தார். அடிமைப்பட்ட உழவனின் ஏக்கம் அதனால் கேட்போர் நெஞ்சைச் சுட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப் பாயிரம் வேண்டி அவர் பன்முறை சென்றார். நூலில் இலக்கண வழு மிகுந்திருந்ததும் மூலத்தோடு மாறுபட்டதும் கருதிப் பிள்ளையவர்கள் காலம் தாழ்த்தினார்கள். ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து உருகிப் பாடியதைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, பாயிரம் அளித்தார்கள் என்று அவர்தம் மாணவரான உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஏட்டில் கண்டபோது இணங்காத புலமை, செவியில் கேட்டபோது இணங்கியது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கது இது: மூலத்தை அறியாமல் மாற்றுவது பிழை, அறிந்து மாற்றினால் அதனை மறைக்காமல் சொல்லவேண்டும். 'சேக்கிழார் இவ்வாறு சொன்னார், பின்வந்தவர் இவ்வாறு சொன்னார், நான் இவ்வாறு சொல்கிறேன்' என்று கூறும் நேர்மை இருக்குமானால் கதை கெடாது.

மடியில் இருந்த பிள்ளை

இப்பருவத்தில் என்னை மிகவும் எண்ணவைத்த நாள் ஒன்று உண்டு. அம்மையார் ஒருவர் சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றைத் தேர்ந்திருந்தார். வாதாபியை வென்ற படைத்தலைவர், போர்த்தொழிலை விடுத்துத் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுது படைத்து வாழ்ந்தது வரையில் அழகாகச் சொன்னார். வடநாட்டு அடியார் வேடத்தில் இறைவன் வந்து பிள்ளைக்கறி கேட்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். சற்று நேரம் ஒலியே இல்லை. பிறகு, "ஐயா, என் மகன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் இன்று 'உம்' கொட்டுகிறான். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?" என்றார்.

எவரும் ஏளனம் செய்யவில்லை. எல்லோர் உள்ளத்திலும் இருந்த வினா அது. அன்று நான் கூறியதை வராதவர்களுக்காக இங்கே மீண்டும் கூறுகிறேன். நிறுத்தியது பக்திக் குறைவன்று. கேட்பவர் யார் என்று அறிந்து சொல்வதே கதை சொல்வோரின் முதற்கடமை. சேக்கிழார் காவியத்தை மன்னனும் அடியாரும் நிறைந்த அவையில் விரித்தார். ஆறு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அன்று. இது மனிதர் பின்பற்றும் வழக்கத்தைக் கூறும் கதையன்று. அன்பின் எல்லையை அளக்க வந்த இறைவனைக் கூறும் கதை. அதனைப் பிரித்தறியும் பருவம் வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் கதையைப் பொய்யாக்கி, 'அது கனவு' என்று முடித்துவிடலாகாது. நாளை அவன் பெரியவனாகி மூலத்தைப் படிக்கும்போது, அம்மா சொன்னது பொய் என்று எண்ணுவானாயின், மற்றக் கதைகளும் அவனிடம் நிலைகுலையும். மேலும், சொல்லத் தொடங்கினால் பாதியில் விடலாகாது. பெற்றோர் அழைக்க, சீராளன் பள்ளியிலிருந்து வருபவன்போல ஓடிவரும் இடம் வரை சொல்லியே தீரவேண்டும். அந்தக் கதையின் உயிர் அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

அடுத்த வாரம் அந்த அம்மையார் படைத்தலைவர் போரைத் துறந்த பகுதியை மட்டும் மகனுக்குச் சொல்லி முடித்தார். பிள்ளை, "அப்புறம்?" என்று கேட்டான். "அப்புறம் ஒரு பெரிய கதை இருக்கிறது. நீ வளர்ந்ததும் நானே சொல்கிறேன்" என்றார். அவன் உடன்பட்டான். அந்த 'அப்புறம்' அவன் நெஞ்சில் இருக்கும். அதற்கு விடை சொல்லும் பொறுப்பு அத்தாயிடம் இருக்கும். எத்தனை ஆண்டு கழித்தாயினும் அந்த வீட்டில் ஒரு கதை சொல்லப்படும் என்பது அன்று உறுதியாயிற்று.

விடுமுறைப் பணி

இனி விசயதசமி நாளில் அடுத்த பருவம் தொடங்கும். அதில் திருத்தொண்டர் புராணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் விடுமுறையில் செய்யவேண்டிய பணிகள் மூன்று.

முதலாவது, திரையில் அன்றி நேரில் ஒரு கதை கேளுங்கள். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வதுண்டு. வில்லிபுத்தூரார் பாடல்களைச் சொல்லிப் பொருள் விரிக்கும் பிரசங்கியாரின் எதிரில் அமர்ந்து பாருங்கள். அவர் கேட்பவர் முகம் பார்த்தே ஓரிடத்தில் நின்று விரிப்பதையும், ஓரிடத்தில் விரைந்து கடப்பதையும் காண்பீர்கள்.

இரண்டாவது, கல்லில் ஒரு கதையைப் படியுங்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளை அழைத்துச் சென்று, 'இவர் யார்? இங்கே என்ன நிகழ்கிறது?' என்று அவர்களையே கேளுங்கள். தொலைவில் இருப்பவர்கள் தத்தம் ஊர்க் கோயில் தூண் ஒன்றின் முன் நின்று அதனைச் செய்யலாம்.

மூன்றாவதே முதன்மையானது. இப்பருவத்தில் நீங்கள் திரையில் சொன்ன கதையை, எதிரில் அமர்ந்த ஒரே ஒருவருக்குச் சொல்லுங்கள். பிள்ளையாக இருக்கலாம், கண் மங்கிய பெரியவராக இருக்கலாம், அடுத்த வீட்டாராக இருக்கலாம். அவர் கேட்கும் முதல் வினாவை எழுதி வாருங்கள். விசயதசமி வகுப்பு அந்த வினாக்களிலிருந்தே தொடங்கும். நிறைவுக் கதையை எழுதி அனுப்பியவர்களுக்கும் இந்தப் பணி உண்டு. ஏனெனில் வினா பெறாத கதை இன்னும் நிறைவு பெறவில்லை.

இக்கோயில் மண்டபத்தில் இவ்வுரையைக் கேட்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காஞ்சிக்கு அண்மையில் உள்ள கூரம் என்னும் ஊரில், 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் வழங்கிய செப்பேடு, கோயிலுக்கு விட்ட நிலத்தில் மண்டபத்திலே பாரதம் வாசிப்பவர்க்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைத்தது. பூசைக்கும் விளக்குக்கும் பொருள் வைத்தது போலவே கதைக்கும் பொருள் வைத்தார்கள். நிழல் தருவது மட்டும் மண்டபத்தின் பயன் என்று அவர்கள் கருதவில்லை. இன்று தரிசனம் முடிந்து இங்கே சற்று அமரும்போது, உடன் வந்த பிள்ளையிடம் இத்தலத்தின் கதையைச் சொல்லுங்கள். அவன் 'ஏன்?' என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தெரிந்த பெரியவரிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தொடங்கினால், கூரத்துச் செப்பேடு ஒதுக்கிய பங்கு இன்றும் செலவாகிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.



திருச்சிற்றம்பலம்